பரணில் கிடைத்த பாதி ஆல்பம்

குழு: ஆலமரத்து வீடு
ஞாயிறு, காலை 10.12

நான்: (புகைப்படம்) பரணைச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறேன். அட்டைப்பெட்டியில் பழைய கம்ப்யூட்டர் புத்தகங்களுக்கு அடியில் இது கிடந்தது. உன்னுடையதுதானே அண்ணா? ஒரு பக்கம் பெரிய பிரம்பு நாற்காலியில் ஒருவர். திருப்பினால் புகை வரும் ரோஸ் துப்பாக்கியோடு இன்னொருவர்.

அட்லாண்டா அண்ணன்: ஐயோ, அதைத் தூக்கிப் போட்டுவிடாதே பாப்பா! 2003 செப்டம்பரில் வாங்கியது. இங்கே வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மளிகைக்கு வைத்திருந்த காசு அது. அந்த வாரம் முழுக்க முட்டையும் ரொட்டியும்தான்.

பாட்டு அத்தை: அம்மாவிடம் போனில் "நன்றாகச் சாப்பிடுகிறேன்" என்றாயே, அது இந்த லட்சணம்தானா?

அட்லாண்டா அண்ணன்: இத்தனை வருஷம் கழித்து மாட்டிக்கொண்டேன் 🙈

குட்டித் தம்பி: அக்கா, அது அவுட்காஸ்ட் ராப் ஜோடி! ஸ்பீக்கர்பாக்ஸ், தி லவ் பிலோ இரட்டை ஆல்பம்! எனக்கு வேண்டும்.

நான்: எடுத்துக்கொள். ஆனால் உள்ளே ஒரு சிடிதான் இருக்கிறது. இன்னொரு இடம் காலி.

அட்லாண்டா அண்ணன்: எது இருக்கிறது?

நான்: ஸ்பீக்கர்பாக்ஸ்.

அட்லாண்டா அண்ணன்: அதானே. ஜோடியில் ஒருவரான பிக் பாயின் சிடியை யாரும் தொட மாட்டார்கள். 'ஹே யா' பாட்டு இருக்கிற சிடியைத்தான் யாரோ லவட்டியிருக்கிறார்கள்.

மதுரை சித்தப்பா: யாரப்பா அந்தப் பசங்கள்? ஆளுக்கொரு பக்கம் படம் போட்டிருக்கிறார்களே, சண்டையா?

அட்லாண்டா அண்ணன்: எங்க ஊர்ப் பசங்கள் சித்தப்பா. ஆந்த்ரே 3000, பிக் பாய். பள்ளியில் படிக்கும்போதே சேர்ந்துவிட்டார்கள். கூட்டாளி ஒருவருடைய அம்மா வீட்டு நிலவறையில், மண் தரையில் உட்கார்ந்து பாட்டுக் கட்டியவர்கள். அப்போதெல்லாம் ராப் என்றால் நியூயார்க், அதை விட்டால் லாஸ் ஏஞ்சலஸ். எங்க அட்லாண்டா இருக்கிற தெற்கு மாநிலம் ஜார்ஜியா, அந்த ஜார்ஜியாக்காரனை யாரும் சீண்டுவதில்லை. 1995இல் நியூயார்க்கில் ஒரு விருது விழா. புதுக் குழுவுக்கான விருதை வாங்க இவர்கள் மேடை ஏறினால் கூட்டம் ஊளையிடுகிறது. தெற்குக்கும் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது என்று ஆந்த்ரே மைக்கில் சொல்லிவிட்டு இறங்கினார்.

மதுரை சித்தப்பா: தெற்கத்திக்காரன் என்றால் எல்லா ஊரிலும் இளக்காரம்தானா 😄

அட்லாண்டா அண்ணன்: சண்டையா என்று கேட்டீர்களே, சண்டை இல்லை. ஆளுக்கொரு திசை. ஆந்த்ரேவுக்கு ராப் அலுத்துவிட்டது, பாட ஆசை, கிடார் ஆசை. பிக் பாய் நம்ம பாணியை விட மாட்டேன் என்று நின்றார். கடைசியில் ஆளுக்கொரு சிடி. ஆனால் ஒரே பெட்டி, ஒரே பெயர்.

பாட்டு அத்தை: அப்பா போனதும் நாம் செய்தது போல. அடுப்பு இரண்டு, வாசல் ஒன்று.

மதுரை சித்தப்பா: அக்கா, அதை ஏன் இப்போது கிளறுகிறாய்.

அட்லாண்டா அண்ணன்: அத்தை சொல்வது சரிதான். இவர்களும் நடுவில் சுவர் வைத்தாலும் கொல்லைக் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். பிக் பாய் சிடியில் முன்னுரை முடிந்ததும் வரும் முதல் பாட்டுக்கு இசை ஆந்த்ரே. ஆந்த்ரே சிடியில் 'ரோசஸ்' பாட்டில் பிக் பாய் வந்து பாடிவிட்டுப் போவார்.

குட்டித் தம்பி: முதல் வாரத்திலேயே 5 லட்சத்துக்கு மேல் விற்றதாம் அண்ணா. அடுத்த வருஷமே 1 கோடியைத் தாண்டி வைரச் சான்றிதழ்!

அட்லாண்டா அண்ணன்: அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இரண்டு சிடியும் சேர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும். அந்த மாதிரி இரட்டை ஆல்பம் ஒன்று விற்றால் அமெரிக்காவில் இரண்டாகக் கணக்கு வைப்பார்கள். அப்படிப் பார்த்தாலும் அரை கோடிப் பெட்டி, சும்மாவா?

மதுரை சித்தப்பா: ஒரு தேங்காயை உடைத்து இரண்டு மூடி விற்றேன் என்கிற கணக்கு. எனக்குப் பிடித்திருக்கிறது.

அட்லாண்டா அண்ணன்: இன்னொன்று கேளுங்கள். ஆந்த்ரேவின் 'ஹே யா' அமெரிக்கப் பட்டியலில் 9 வாரம் முதலிடம். அதை இறக்கிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்தது பிக் பாயின் 'தி வே யூ மூவ்'. ஒரே வாரம்தான். ஆனால் உட்கார்ந்தார். இதை மட்டும் யாரும் பேச மாட்டார்கள்.

குட்டித் தம்பி: அண்ணன் பிக் பாய் கட்சி. வருஷம் தவறாமல் இந்தப் புலம்பல் உண்டு.

அட்லாண்டா அண்ணன்: போடா. அந்த ஊதுகுழல் வாத்தியங்களைக் காரில் சத்தமாக வைத்துக் கேட்டுவிட்டுப் பேசு. அப்புறம் சித்தப்பா, 2004 கிராமியில் வருஷத்தின் சிறந்த ஆல்பம் விருதும் இதற்குத்தான். அதற்கு முந்தின வருஷம் அந்த விருதை வாங்கியது நோரா ஜோன்ஸ். அவர் இந்த ஆல்பத்தில் ஆந்த்ரேவோடு ஒரு பாட்டுப் பாடியிருக்கிறார்.

பாட்டு அத்தை: நோரா ஜோன்ஸ் என்றால் சிதார் ரவிசங்கர் மகளா?

அட்லாண்டா அண்ணன்: அவரேதான்.

பாட்டு அத்தை: அப்படியானால் கேட்கலாம். எதற்கும் முதலில் அந்த 'ஹே யா'வை அனுப்புடா குட்டி.

காலை 11.40

பாட்டு அத்தை: நாலு தடவை கேட்டேன். முதல் தடவை தாளம் போட்டேன், கை தப்பிவிட்டது. எனக்கு வயசாகிவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு கண்ணை மூடி எண்ணினேன். லகுவுக்கு நாலு எண்ணிக்கை, துருதத்துக்கு இரண்டு. மூன்று லகு, ஒரு துருதம், இரண்டு லகு. 4+4+4+2+4+4, மொத்தம் 22. முதல் இரண்டு லகுவை விட்டால் மீதி 4+2+4+4. அது அப்படியே நம் கர்நாடக சங்கீதத்துச் சதுஸ்ர ஜாதி துருவ தாளம்!

குட்டித் தம்பி: அத்தை!!! 🙏🙏

பாட்டு அத்தை: அந்தப் பையனுக்குத் துருவமும் தெரியாது, மட்யமும் தெரியாது. காதில் விழுந்ததைப் போட்டிருக்கிறான். நடுவில் வருகிற அந்த இரண்டு எண்ணிக்கையில்தான் உடம்பு ஒரு குலுக்குக் குலுக்கும். ரொம்பக் குஷியான பாட்டு.

குட்டித் தம்பி: வார்த்தை குஷி இல்லை அத்தை. பிரியம் போன பிறகும் ஏன் ஒன்றாக இருப்பதாக நடிக்கிறோம் என்று கேட்கிறார். நடுவில், உங்களுக்கு இதெல்லாம் காதில் விழாது, ஆடத்தான் வேண்டும் என்கிற மாதிரியும் சொல்வார். வீடியோவில் பாடகர், டிரம்மர், கூடப் பாடுகிறவர்கள் என எட்டு பேர் வருகிறார்களே, எட்டும் அவரே.

மதுரை சித்தப்பா: அதில் போலராய்டு என்று வருகிறதே, என்ன சொல்கிறான்?

குட்டித் தம்பி: எடுத்த உடனே கேமராவிலிருந்தே வரும் போலராய்டு போட்டோவை உதறுவது போல உடம்பை உதறச் சொல்கிறார் சித்தப்பா.

மதுரை சித்தப்பா: தப்பு. உதறக் கூடாது. ஸ்டூடியோ வைத்திருந்தவன் சொல்கிறேன். பழைய வகையில் மேல்தாளை உரித்து எடுக்க வேண்டும், படம் ஈரமாக இருக்கும், காய்வதற்காக ஆட்டுவோம். அந்தப் பழக்கம்தான் இது. பிறகு வந்ததில் எல்லாம் பிளாஸ்டிக்குக்குள்ளேயே இருக்கும். ஆட்டினால் உள்ளே இருக்கிற மருந்து பிரிந்து படம் கெடும்.

அட்லாண்டா அண்ணன்: சித்தப்பா, பாட்டு பிரபலமான பிறகு போலராய்டு கம்பெனியே உதறாதீர்கள் என்று அறிவிப்பு விட்டது!

மதுரை சித்தப்பா: என்னைக் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன்.

பாட்டு அத்தை: அந்தப் பையன் இப்போது என்ன செய்கிறான்?

அட்லாண்டா அண்ணன்: புல்லாங்குழல் வாசிக்கிறார் அத்தை. 2023இல் முழு ஆல்பமே குழல்தான். ஒரு வரி ராப் கிடையாது.

பாட்டு அத்தை: அதையும் அனுப்பு.

நான்: எல்லாம் சரி, அந்த இன்னொரு சிடி யாரிடம் இருக்கிறது? எடுத்தவர் இந்தக் குழுவில்தான் இருக்க வேண்டும்.

பகல் 12.25

மதுரை சித்தப்பா: பளபளவென்று, நடுவில் ஓட்டையோடு இருக்குமே, அதுவா?

நான்: எல்லா சிடியும் அப்படித்தான் சித்தப்பா.

மதுரை சித்தப்பா: (புகைப்படம்) கிளி வராமல் இருக்கக் கொய்யா மரத்தில் கட்டினேன். யாரோ படம் போட்டுப் பார்த்துவிட்டு மிச்சம் வைத்தது என்று நினைத்தேன். பத்து வருஷம் இருக்கும்.

அட்லாண்டா அண்ணன்: சித்தப்பா!!! 😭

குட்டித் தம்பி: காற்றில் ஆடுகிறது பாருங்கள் 😂

அட்லாண்டா அண்ணன்: கிளியாவது பயந்ததா?

மதுரை சித்தப்பா: இரண்டு நாள் பயந்தது. அப்புறம் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து கொய்யாவைத் தின்றது. பாப்பா, அந்த இன்னொன்றையும் கொண்டு வா. மாதுளையில் அணில் தொல்லை தாங்கவில்லை.

அட்லாண்டா அண்ணன்: பாப்பா, பெட்டியைப் பூட்டி வை. டிசம்பரில் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.