புதுப்பிப்பு: கவுன்டி ஜெயிலில் இருக்கும் தம்பி விஷயம்

சித்தப்பா பையனை கலிபோர்னியாவில் கைது செய்து கவுன்டி (மாவட்ட) ஜெயிலில் வைத்திருப்பதாகவும், உடனே ஜாமீன் கட்டலாமா என்றும் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. இன்னும் உள்ளேதான் இருக்கிறான்.

நமக்காகக் கோர்ட்டில் பொறுப்பேற்கும் ஜாமீன் ஏஜென்ட், ஜாமீன் தொகையில் கட்டணமாகக் கேட்கும் 10 சதவீதம் திரும்ப வராது. முழுத் தொகையையும் கோர்ட்டிலேயே கட்டினால், வாய்தா தவறாமல் ஆஜரானால், வழக்கு முடிந்ததும் கிடைக்கும். அவ்வளவு பணத்துக்கு எங்கே போக? தொகையைக் குறைக்க வக்கீல் மனு போட்டிருக்கிறார்.

போனில் அவன்தான் கூப்பிட முடியும். எல்லாம் பதிவாகும். சித்தி போனை வாங்கியதும், "என்னடா நடந்துச்சு? தமிழ்ல சொல்லு, அவங்களுக்கு என்ன புரியும்" என்று ஆரம்பித்தார். பாதியிலேயே போனைப் பிடுங்கிவிட்டேன். மொழிபெயர்க்க ஆளா இல்லை! கேஸ் பேச்சு வக்கீலிடம் மட்டும்தான்.

பையன் சுத்த சைவம். சைவச் சாப்பாட்டுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறான். அதுவரை கேன்டீன் ராமென் நூடுல்ஸ்தான், சிக்கன் மசாலா பொட்டலத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு.

விசாவில் இருப்பவர் குற்றத்தை ஒப்புக்கொண்டால் நாடு கடத்தும் ஆபத்து உண்டா என்று வக்கீல் எச்சரித்தே ஆக வேண்டும். 2010-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. அதனால் குடியேற்ற வக்கீல் ஒருவரையும் பார்க்கப் போகிறோம்.