புதுப்பிப்பு: சுங்கை சிப்புட்டில் ஈரமும் விடியல் இருட்டும்

மதுரையிலிருந்து வேலைக்காக மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கு வந்த புதிதில், துணியெல்லாம் பூஞ்சணம் பிடிக்கிறது, காலை ஏழு மணிக்கும் இருட்டு விலகவில்லை, எப்படிப் பழகுவது என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

பூஞ்சணம் பெரும்பாலும் அடங்கிவிட்டது. அலமாரியைச் சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளி வைத்தேன். பிற்பகல் இடிமழைக்கு முன்பே கொடியிலிருந்து துணியை எடுத்துவிடுகிறேன். தோல் செருப்பு மட்டும் இன்னும் பச்சை பூக்கிறது.

இருட்டுக்குக் காரணம் கடிகாரம். 1982இல் தீபகற்ப மலேசியா தன் நேரத்தை அரை மணி முன்னே நகர்த்தி, போர்னியோ தீவிலுள்ள தன் மாநிலங்களான சபா, சரவாக் நேரத்தோடு சேர்ந்துகொண்டது. அந்த இருட்டின் மீதிருந்த எரிச்சலைப் போக்கியவர் பக்கத்து வீட்டு அக்கா. தோட்டத்தில் பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவியவர். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு விடியுமுன் கிளம்புவாராம். குளிர்ச்சியில்தான் பால் நன்றாக வடியும், வெயில் ஏறினால் குறைந்துவிடும். பட்டைக்குள்ளே இருக்கும் மரத்தைக் காயப்படுத்தாமல் உளியைச் சாய்வாக இழுக்கும் விதத்தைக் காற்றிலேயே காட்டினார். எத்தனை நுணுக்கமான கை! இப்போது தினமும், "பசியாறிவிட்டுப் போங்கள், தம்பி" என்கிறார்.

டெங்கு பற்றி எச்சரித்தவர்களுக்கு: பூந்தொட்டித் தட்டு, வாளி எல்லாவற்றையும் வாரந்தோறும் கவிழ்த்துத் தேய்க்கிறேன். முட்டை கொசுவாகிப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் போதும். புதிதாக வருபவர்கள் குடியேறும் நாளிலேயே இதைத் தொடங்கிவிடுங்கள்.