கமாண்ட்லெட்டுக்குத் தமிழில் என்ன பெயர்?

சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து, கணினி வகுப்புப் பயிற்றுநர்:

குழுவினருக்கு வணக்கம். கணினி நிர்வாகம் கற்பவர்களுக்காக ஞாயிறுதோறும் நாங்கள் நடத்தும் வகுப்புக்கு, கட்டளைகளைத் தட்டிக் கணினியை இயக்க உதவும் மைக்ரோசாஃப்ட் கருவியான பவர்ஷெல் பற்றிய கையேடு ஒன்று தமிழில் தயாராகி வருகிறது; வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். மற்றச் சொற்களெல்லாம் ஒருவாறு அமைந்துவிட்டன. பவர்ஷெல்லில் ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும் கட்டளை வகையான கமாண்ட்லெட் மட்டும் பிடிகொடுக்கவில்லை. 'கட்டளை' என்றே எழுதினால் போதாதா என்று கேட்பீர்கள். கெட்-கமாண்ட் என்று தட்டிப் பாருங்கள்: வரும் பட்டியலின் முதல் நெடுவரிசையிலேயே இது ஃபங்ஷன், இது அலியாஸ், இது கமாண்ட்லெட் என்று வகை குறிக்கப்பட்டிருக்கும். மூன்றும் கட்டளைகள்தாம். ஃபங்ஷனைப் பவர்ஷெல் மொழியிலேயே நாம் எழுதிக்கொள்ளலாம். கமாண்ட்லெட் பெரும்பாலும் சி ஷார்ப் என்ற நிரல்மொழியில் எழுதித் தொகுக்கப்பட்டு வருவது. அலியாஸ் இவற்றுக்கு இடும் மாற்றுப்பெயர். இம்மூன்றையும் பிரித்துக் காட்டாத கையேட்டை மாணவர் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பிடோக்கிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

'குற்றேவல்' என்ற சொல்லை முன்மொழிகிறேன். குறுமையும் ஏவலும் சேரும்போது ஈறு கெட்டுத் தன்னொற்று இரட்டிக் குற்றேவல் ஆகிறது. சிற்றூர், வெற்றிலை போலப் பண்புப்பெயர்ப் புணர்ச்சிக்கு முழுதும் உட்பட்ட சொல். ஆங்கிலச் சொல்லின் இறுதியில் நிற்கும் 'லெட்' என்ற சிறுமை விகுதியையும் இது கைவிடவில்லை.

ஏவலைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. நன்னூலார் வினைப்பகுதிகளை 'நட, வா, மடி, சீ' என்று தொடங்கி 23 ஈறுகளாக அடுக்கும்போது, அவை அனைத்தையும் ஏவல் வடிவிலேயே தருகிறார். பவர்ஷெல்லிலும் ஒவ்வொரு கமாண்ட்லெட்டின் பெயரும் கெட், செட், ஸ்டாப், ரிமூவ் போன்ற ஏவல் வினையில் தொடங்கிப் பெயர்ச்சொல்லில் முடிவதே மரபு. ஏற்கப்பட்ட வினைகளுக்கு ஒரு பட்டியலும் உண்டென்று என் பேரன் கெட்-வெர்ப் தட்டிக் காட்டினான். ஏவல் வினைகளைப் பட்டியலிட்டு வைத்த மொழிக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எங்கே கிடைக்கும்? மேலும், 'ஏ' என்ற ஓரெழுத்தொருமொழிக்கு அம்பு என்று பொருள். ஏவுதல் அதிலிருந்தே கிளைத்தது என்பது என் துணிபு. விட்ட அம்பு இலக்கை நோக்கிப் போவதைப் போலத்தான் இந்தக் கட்டளைகளும் போகின்றன.

ஜூரோங்கிலிருந்து, சர்வர் நிர்வாகி:

ஐயாவின் இலக்கணத்தில் குறை காணும் தகுதி எனக்கில்லை; பொருளில்தான் தயக்கம். திருப்பாவையின் 29ஆம் பாசுரத்தில் குற்றேவல் என்பது அடியார் செய்யும் பணிவிடை. அது செய்யப்படும் தொண்டேயன்றி இடப்படும் ஆணை அன்று. அழிக்கும் கட்டளையான ரிமூவ்-ஐட்டத்துடன் ரிகர்ஸ், ஃபோர்ஸ் என்ற இரு கூடுதல் குறிப்புகளையும் சேர்த்துத் தவறான கோப்புறையில் இயக்கினால், ஒரு வார்த்தை கேட்காமல் உள்ளிருப்பவற்றை அழித்துவிடும். மறுசுழற்சித் தொட்டியில் தேடினாலும் கிடைக்காது. அதனால்தான் எதையும் அழிப்பதற்கு முன் வாட்இஃப் சேர்த்து ஓட்டிப் பார், என்ன நடக்கவிருந்தது என்பதை மட்டும் அது சொல்லும் என்று புதியவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். அப்படிப்பட்டதைப் பணிவிடை என்று அழைத்தால், அஞ்ச வேண்டிய இடத்தில் அவர்கள் அஞ்ச மாட்டார்கள். தவிர, வேகமாகப் படிப்பவர் கண்ணில் முதலில் படுவது 'குற்றம்'.

அச்சுப்பொறியில் கோப்புகள் சிக்கி நிற்கும்போது, தொலைபேசியில் இருக்கும் இளைய ஊழியரிடம் அச்சு வரிசையைக் கவனிக்கும் சேவையை மறுபடி தொடங்க ரீஸ்டார்ட்-சர்வீஸ் ஸ்பூலர் என்று தட்டச் சொல்வது எங்கள் அன்றாட வேலை. அப்போது அவருக்கு உடனே விளங்கும் சொல் வேண்டும். 'சிறுகட்டளை' போதும்.

உட்லண்ட்ஸிலிருந்து, மென்பொருள் சோதனையாளர்:

கமாண்ட்லெட் என்றே விட்டுவிடுங்கள். செய்தியில் பெருவிரைவு ரயில் என்று எத்தனை முறை வந்தாலும், நிலையத்தில் நிற்பவர் எம்ஆர்டி என்றுதான் சொல்கிறார். மாணவர் நாளை வேலைக்குச் செல்லும் இடத்தில் திரையும் உதவிப் பக்கங்களும் ஆங்கிலத்தில்தான் இருக்கும்.

பிடோக்கிலிருந்து, தமிழாசிரியர்:

பெருவிரைவு ரயிலைக் காட்டியவர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகமாகிய வீவகவை மறந்துவிட்டார். 1960இல் அமைந்த அந்தக் கழகத்தின் முழுப்பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்த சொல், இன்று 'வீவக வீடு' என்று விளக்கமே இல்லாமல் அச்சில் நிற்கிறது. தொடர்ந்து எழுதினால் சொல் நிற்கும். 1997இல் தமிழிணைய மாநாட்டை நடத்திய ஊரில் இருந்துகொண்டு, ஒரு சொல்லுக்காக இப்படித் தயங்கலாமா?

ஜூரோங் நண்பரின் வாதம் அவர் சொல்லையே தாக்குகிறது. ஸ்டாப்-கம்ப்யூட்டர் ஒரு கணினியையே நிறுத்திவிடுகிறது; அதைச் 'சிறு' கட்டளை என்று எப்படிச் சொல்வீர்கள்? ஏவலுக்கு ஆணை, பணி என்ற இரு பொருளும் உண்டு. ஏவுபவர் பக்கம் நின்று பார்த்தால் ஆணை. ஏற்பவர் பக்கம் நின்று பார்த்தால் பணி. கணினியில் இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்கின்றன.

ஈசூனிலிருந்து, பயிற்றுநர்:

ஐயா எழுப்பிய கேள்விக்கு வகுப்பறையிலேயே விடை இருக்கிறது. இங்கே சிறுமை விளைவைப் பற்றியதன்று. ஒரு கமாண்ட்லெட் ஏற்கும் வேலையின் எல்லையைப் பற்றியது. கெட்-ப்ராசஸ் இயங்கும் செயல்முறைகளை எடுத்துக் கொடுப்பதோடு நிற்கிறது, சார்ட்-ஆப்ஜெக்ட் வரிசைப்படுத்துகிறது, செலக்ட்-ஆப்ஜெக்ட் கேட்ட முதல் சிலவற்றை மட்டும் பிரித்துத் தருகிறது. ஒன்றின் விளைவை அடுத்ததற்கு அனுப்பும் 'குழாய்' குறியால் மூன்றையும் இணைக்கும்போது அவற்றுக்கிடையே போவது வெறும் எழுத்துவரி அன்று, நினைவகப் பயன்பாடு, தொடங்கிய நேரம் ஆகிய பண்புகளைத் தாங்கிய பொருள்; எந்தப் பண்பை வைத்தும் அதை வரிசைப்படுத்தலாம். ஒன்றே செய்து நின்றுவிடுவதால் 'சிறு' தகும் என்பது என் முடிவு.

பதில் எழுதியவர்களில் பெரும்பாலோர் சிறுகட்டளையின் பக்கமே நிற்கிறார்கள். ஆகவே முதல் முறை வருமிடத்தில் 'கமாண்ட்லெட் எனப்படும் சிறுகட்டளை' என்றும், பிறகு சிறுகட்டளை என்றும் அச்சிடுகிறோம். குற்றேவலைக் கலைச்சொற்பட்டியலில் மாற்றுச்சொல்லாகச் சேர்க்கிறோம்.

பிடோக்கிலிருந்து, தமிழாசிரியர்:

பட்டியலில் இடம் தந்ததற்கு நன்றி. ஆனால் நான் உடன்படவில்லை. ஏவல் வினையைத் தலையில் தாங்கிய ஒன்றின் பெயரில் ஏவல் இல்லாமல் போவதை என்னால் ஏற்க முடியாது. அடுத்த பதிப்புக்கு முன் இதை மறுபடி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.