கன்ஃபவுண்டிங்: ‘குழப்பம்’ வேண்டாம், ‘மயக்கம்’ ஆகட்டும்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். புள்ளியியலில் வரும் ‘கன்ஃபவுண்டிங்’ என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். ஒரு சோதனையில் இரண்டு காரணங்களின் விளைவுகள் பிரிக்க முடியாதபடி ஒன்றாகக் கலந்துவிடுவதற்குத்தான் அந்தப் பெயர். அண்ணாச்சி இப்படி எழுதியிருந்தார்:

> கன்ஃபவுண்டிங் என்றால் குழப்புவதுதானே? ‘குழப்பம்’ என்றே வைத்துவிடலாம். இதற்கு எதற்கு இத்தனை கடிதங்கள்?

அண்ணாச்சி, அகராதிப்படி நீங்கள் சொல்வது சரி. ஆனால் சோதனை நடக்கும் இடத்தில் அந்தச் சொல் நிற்காது. ஏன் என்பதற்கு நான் பட்ட பாட்டையே சொல்கிறேன்.

கல்லிடைக்குறிச்சியில் ஓர் அப்பளக் கூடம். பொரிக்கும்போது அப்பளம் விரிசல் விடுவதைக் குறைக்க வழி தேடினோம். முதல் நாள் அப்பளக்காரத்தை, அதாவது மாவில் சேர்க்கும் கார உப்பை, குறைத்துப் போட்டோம். மறுநாள் கூட்டிப் போட்டோம். இரண்டாம் நாள் அப்பளத்தில் விரிசல் நன்றாகக் குறைந்திருந்தது. “காரத்தைக் கூட்டுங்கள்” என்று கையெழுத்துப் போட்டே கொடுத்துவிட்டேன். மாவு உருட்டிக்கொண்டிருந்த ஆச்சி தலை நிமிராமல் சொன்னார்: “நேற்று முழுக்கச் சாரல். இன்று சுள்ளென்று வெயில். இதில் காரம் என்ன செய்தது தம்பி?”

காரத்தின் விளைவும் வெயிலின் விளைவும் ஒரே எண்ணுக்குள் போய் உட்கார்ந்துகொண்டன. இனி எந்தக் கணக்குப் போட்டாலும் அவற்றைப் பிரிக்க முடியாது. இதில் யாருக்கும் குழப்பம் இருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நான் மிகத் தெளிவாகத்தான் இருந்தேன், தவறாக! குழப்பம் மனத்தில் நிகழ்வது. இது சோதனையின் அமைப்பிலேயே நிகழ்ந்துவிட்டது.

இன்னொரு காரணம் இதைவிடப் பெரியது. இதை நாமே வேண்டுமென்று செய்வதும் உண்டு. காரம், தண்ணீர், மாவு ஊறும் நேரம் என்று மூன்று காரணிகள். ஒவ்வொன்றுக்கும் குறைவு, உயர்வு என்று இரண்டு மட்டங்கள். ஆக எட்டுச் சோதனைகள். ஒரு நாளில் நான்குதான் முடியும். எப்படிப் பிரிப்பது? மூன்றும் உயர் மட்டத்தில் இருப்பதையும், ஏதேனும் ஒன்று மட்டும் உயர் மட்டத்தில் இருக்கும் மூன்றையும் ஒரு நாளில் வைக்கிறோம். மீதி நான்கும் மறுநாள். இப்போது ஒவ்வொரு நாளிலும் காரம் இரண்டு முறை கூடுதல், இரண்டு முறை குறைவு. தண்ணீரும் ஊறலும் அப்படியே. சாரல் அடித்தாலும் இவற்றின் தனி விளைவுகளில் அது ஏறாது. ஒரு காரணியின் விளைவு இன்னொன்றின் மட்டத்தைப் பொறுத்து மாறுவதை இடைவினை என்கிறோம். இரண்டிரண்டாகச் சேரும் இடைவினைகளும் தப்பிக்கும். மூன்றும் சேர்ந்து செய்யும் இடைவினை மட்டும் நாளோடு பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலும் அது சிறியது என்று நம்பி அதைப் பலி கொடுக்கிறோம். இந்தத் திட்டத்தைக் ‘குழப்பம்’ என்று எழுதினால், முதலாளி நம்மை வேலைக்கு வைத்திருப்பாரா?

இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் புள்ளியியலாளர்கள் ஃபிஷரும் யேட்ஸும் வயலில் செய்தது இதைத்தான். நம் ஊர்க் கணக்கில், மடையருகே ஒரு நெல்லும் கடைமடையில் இன்னொரு நெல்லும் போட்டுவிட்டு ரகத்தை ஒப்பிடக் கூடாது; ரகத்தின் விளைவோடு இடத்தின் விளைவும் ஒட்டிக்கொள்ளும். 1940இல் இந்தியப் புள்ளியியலாளர்கள் ஆர். சி. போஸும் கே. கிஷனும் இந்தச் சிக்கலைப் பற்றியே ‘சங்க்யா’ என்ற புள்ளியியல் இதழில் கட்டுரை எழுதினார்கள். நம் நாட்டில் வேர் பிடித்த துறைதான். பொருந்தும் தமிழ்ச் சொல்தான் இன்னும் என் கண்ணில் படவில்லை.

‘கலப்பு’ என்றால் பயிர்க் கலப்போடு மோதும். ‘பிணைப்பு’ வேதியியலுக்குப் போய்விட்டது. எனக்கு இலக்கணத்தில் கிடைத்தது ‘மயக்கம்’. உருபு மயக்கம், திணை மயக்கம் என்கிறோம். தொல்காப்பியத்தில் ‘வேற்றுமை மயங்கியல்’ என்று ஓர் இயலே இருக்கிறது. ஒன்றின் இடத்தில் இன்னொன்று வந்து கலப்பதுதான் அங்கே மயக்கம். அது பிழையும் அல்ல. பிழைக்கு ‘வழு’ என்று வேறு சொல் வைத்திருக்கிறார்கள். நமக்கு வேண்டிய நுட்பம் அப்படியே அமைந்திருக்கிறது.

வினையாகவும் வளைகிறது. ‘நாளின் விளைவும் காரத்தின் விளைவும் மயங்கியிருக்கின்றன’ என்று எழுதலாம். திட்டமிட்டுச் செய்தால் ‘மயக்கிவைத்தல்’. ஊடே புகுந்து கெடுக்கும் வெயில் ‘மயக்கும் காரணி’.

> மருத்துவ ஆய்வில் ‘மயக்கம்’ என்று எழுதினால் நோயாளி விழுந்துவிட்டார் என்று நினைப்பார்கள்.

நம் குழுவின் டாக்டர் அம்மா எழுதிய இந்த மறுப்பை நான் சிரித்துவிட்டுத் தள்ளவில்லை. அதனால்தான் தனியாக நிறுத்தாமல் ‘விளைவு மயக்கம்’ என்று தொடராக்குகிறேன். ‘விளைவு’ முன்னால் நிற்கும்வரை யாரும் தண்ணீர் தெளிக்க ஓடிவர மாட்டார்கள்.

இடைவினையோடு இதைச் சேர்த்துவிடாதீர்கள். தண்ணீர் கூடும்போது மட்டும் காரம் வேலை செய்தால் அது இடைவினை; பொருள்களின் இயல்பு. விளைவு மயக்கம் நாம் சோதனையை அடுக்கிய விதத்தால் வருவது. அடுக்கை மாற்றினால் போய்விடும். எட்டில் பாதியை மட்டும் செய்யும்போது ஒரே எண் இரண்டு விளைவுகளின் பெயரில் நிற்குமே, அந்த ‘ஏலியாஸ்’ என்பதற்கு ‘மறுபெயர்’ போதும் என்று நினைக்கிறேன். அதைத் தனி இழையில் பேசலாம்.

போன வாரம் அல்வாவின் ருசிக்குத் தாமிரபரணித் தண்ணீர்தான் காரணம் என்று இங்கே ஒருவர் அடித்துச் சொன்னார். சென்னையில் கிண்டும்போது தண்ணீர் மட்டுமா மாறுகிறது? மாஸ்டர், அடுப்பு, கோதுமை எல்லாமே மாறுகின்றன. முழு விளைவு மயக்கம். அதே மாஸ்டரிடம் இரண்டு கேன் தண்ணீரைக் கொடுத்து, எது எந்த ஊர்த் தண்ணீர் என்று சொல்லாமல் பலமுறை கிண்டச் சொல்லுங்கள், பிறகு வாதாடுவோம். தின்று பார்க்க நான் வருகிறேன்.

அடுத்த மாதப் பயிற்சிக் குறிப்பில் ‘விளைவு மயக்கம்’ என்றே அச்சிடப் போகிறேன். மறுப்பு இருந்தால் அதற்கு முன் எழுதுங்கள், மாற்றுச் சொல்லோடு.