மருந்து எச்சரிக்கையைப் படிக்காமலே மூடுகிறார்கள், என்ன மாற்றலாம்?

கேள்வி:
ராமிப்ரில் (ரத்த அழுத்த, இதய மருந்து) ஓடும் நோயாளிக்கு ஸ்பைரோனோலாக்டோன் (சிறுநீர் பிரிக்கும் மருந்து) எழுதினால் எங்கள் மருந்துச் சீட்டு மென்பொருளில் எச்சரிக்கையாகச் சிவப்புப் பெட்டி வரும்; இரண்டும் சேர்ந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். டாக்டர்கள் பார்த்தவுடன் மூடிவிடுகிறார்கள். எழுத்தைப் பெரிதாக்கினால் போதுமா?

பதில் 1:
போதாது. இதயச் செயலிழப்பில் இந்த ஜோடியைத் தெரிந்தேதான் எழுதுவார்கள். "இடைவினை உண்டு" என்று மட்டும் சொன்னால் யார் படிப்பார்? கடைசிப் பொட்டாசியம், கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்த அளவு), டெஸ்ட் எடுத்த தேதி மூன்றையும் பெட்டிக்குள்ளேயே காட்டுங்கள். பொட்டாசியம் லிட்டருக்கு 5.0 மில்லிமோலைத் தாண்டியிருந்தாலோ, சமீபத்திய டெஸ்டே இல்லையென்றாலோ மட்டும் குறுக்கே வாருங்கள். பொட்டாசியமும் சிறுநீரகமும் சரியென்றால், ஒரு வாரத்தில் ரத்தப் பரிசோதனைக்கான ஆர்டரை ஓரமாக நீட்டினால் போதும்.

பதில் 2:
எப்போது காட்டுகிறீர்கள்? டோஸ், நாள் எல்லாம் நிரப்பிக் கையெழுத்திடும்போது தடுத்தால் எரிச்சல்தான் மிஞ்சும். மருந்தைத் தேர்ந்தெடுத்ததுமே காட்டுங்கள். "சரி / ரத்து" பொத்தான் வேண்டவே வேண்டாம்; ரத்தாவது மருந்தா, எச்சரிக்கையா? "ஸ்பைரோனோலாக்டோனை நீக்கு", "காரணத்துடன் தொடர்" என்று எழுதுங்கள். காரணத்தைத் தட்டச்சு செய்யச் சொன்னால் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போவார்கள். நாலு தயார் காரணங்கள் கொடுங்கள்.

பதில் 3:
மேலே தொடரவே விடாத முழுத் தடையை மிகச் சிலவற்றுக்கு மட்டும் வையுங்கள். உதாரணம், மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் "தினமும்" என்று பதிவாவது. வாரம் ஒருமுறை மருந்து அது. தினமும் போனால் எலும்பு மஜ்ஜையே படுத்துவிடும். அங்கே இயல்பாகவே "வாரம் ஒருமுறை" இருக்கட்டும், கிழமையையும் கேளுங்கள்.

எந்த எச்சரிக்கையை எத்தனை பேர் மீறினார்கள் என்ற பதிவையும் மாதாமாதம் பாருங்கள். கிட்டத்தட்ட எல்லோரும் மீறும் விதி என்றால், சில கேஸ் ஷீட்டுகளை மருந்தாளுநரோடு புரட்டிவிட்டுத் திருத்துங்கள், இல்லை அணைத்துவிடுங்கள்.