ஸ்னோ வொயிட் குடிசை: குழந்தைக் கதைக்கு 18+ பெட்டியா?

கல்லடுக்கி:

கட்டைகளை ஒன்றோடொன்று மாட்டிக் கட்டும் லெகோவின் ஸ்னோ வொயிட் குடிசை செட்டை (எண் 43242) மகளோடு சேர்ந்து கட்டி முடித்தேன். அவளுக்கு எட்டு வயது. 2024 மார்ச்சில் வந்த செட், 2,228 பீஸ், பத்து மினிஃபிகர் பொம்மைகள் (கை திரும்பும் குட்டி லெகோ மனிதர்கள்). அமெரிக்காவில் போட்ட விலை 219.99 டாலர்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். குடிசை, கிணறு, கண்ணாடிச் சவப்பெட்டி மூன்றும் தனித்தனியாக நிற்கும். இதனால் ஆட்டம் விரிகிறது. மகள் கிணற்றை ஜன்னல் திட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். கதையின் ஆரம்பம் அங்கே நடக்கும், ஆப்பிள் விவகாரம் மேசைமேல், சவப்பெட்டி தரையில். ஏழு குள்ளர்களுக்கும் ஏழு முகம். டோப்பிக்கு மட்டும் தாடி இல்லை. அவன்தான் வீட்டில் எல்லாருக்கும் செல்லம்.

குறைகளும் உண்டு. அடுப்பில் ஒளிரும் கட்டை ஒன்று இருக்கிறது. அமுக்கிப் பிடித்தால் எரியும், விரலை எடுத்தால் அணைந்துவிடும். அடுப்பு எரிய வேண்டுமென்றால் ஒரு கை அங்கேயே மாட்டிக்கொள்ளும், ஆடுவதற்கு மற்றொரு கைதான் மிச்சம். அப்புறம் ராணி. கிழவி வேடத்தில் மட்டும்தான் வருகிறாள், கிரீடம் வைத்த ராணி கிடையாது. மாயக்கண்ணாடி முன்னால் நின்று "யார் அழகி?" என்று கேட்க ஆள் இல்லை. இவ்வளவு விலையுள்ள பெட்டியில் இன்னொரு பொம்மை வைத்திருக்க வேண்டும்.

என் பெரிய வருத்தம் வேறு. பெட்டியில் 18+ என்று போட்டிருக்கிறார்கள். சிண்டரெல்லா, ரபுன்சல், ஸ்னோ வொயிட், டியானா நால்வரும் மினிஃபிகராக வரும் 2023 டிஸ்னி கோட்டையும் (43222, 4,837 பீஸ்) 18+ தான். சிறு பிள்ளைகளுக்கென்று விற்கும் இளவரசி செட்டுகளில் வருவதோ மினி டால் என்ற இன்னொரு வகை லெகோ பொம்மை. அதற்கு மணிக்கட்டு திரும்பாது, இரண்டு காலும் ஒட்டியே மடங்கும். கையைத் திருப்பத் தெரிந்த ஸ்னோ வொயிட் பெரியவர்கள் அலமாரிக்கு, திருப்பத் தெரியாதவள் குழந்தைக்கு. இது எந்த ஊர் நியாயம்?

தேன்மொழி:

கல்லடுக்கி அண்ணா, செட் அழகாக இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இதைக் குழந்தையின் விளையாட்டுச் சாமான் என்று சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை.

2,228 பீஸையும் புத்தகம் பார்த்துப் பக்கம் பக்கமாக அடுக்கினால் ஒரே ஒரு குடிசை வரும். அது ஒரு சினிமாக் குடிசை. குள்ளர்களுக்கு டோப்பி, க்ரம்பி என்ற பெயர்களே 1937 டிஸ்னி படத்தில் வந்தவை. இந்தக் கதையை முதலில் புத்தகமாகப் போட்ட ஜெர்மானியர்கள் கிரிம் சகோதரர்களின் கதையில் ஏழு பேருக்கும் பெயர் கிடையாது. அந்தக் கதையில் ராணி மூன்று தடவை வருகிறாள்: முதலில் இறுக்கிக் கட்டும் நாடா, அடுத்து விஷச் சீப்பு, கடைசியில்தான் ஆப்பிள். முத்தம் கொடுத்து எழுப்புவதும் அங்கே இல்லை. சவப்பெட்டியைத் தூக்கிப் போகிறவர்கள் தடுக்குகிறார்கள், அந்தக் குலுக்கலில் தொண்டையில் சிக்கிய ஆப்பிள் துண்டு வெளியே வந்துவிடுகிறது. குழந்தைக்கு இதைவிட நல்ல காட்சி வேண்டுமா? என் பையனுக்கு இப்படித்தான் கதை சொன்னேன். பெட்டியைத் தடால் என்று போடும் இடத்துக்காகவே திரும்பத் திரும்பக் கேட்பான்.

அவனுக்கு நான் வாங்கித் தந்தது லெகோ கிளாசிக் பெரிய பெட்டி (10698), 790 பீஸ். உங்கள் குடிசையின் விலைக்கு அந்தப் பெட்டி மூன்று வாங்கலாம். அதில் ராணியும் இல்லை, குள்ளனும் இல்லை. இரண்டு சிவப்புக் கட்டையை ஒன்றின்மேல் ஒன்று வைத்து "இதுதான் ராணி" என்றான். சீப்பும் அவனே செய்தான்.

ரம்யா_சிங்கை:

மினி டாலுக்காகப் பேச ஒரு ஆளாவது வேண்டும், அதனால் வருகிறேன்.

2012இல் பெண்பிள்ளைகளுக்கென்று லெகோ கொண்டுவந்த ஃபிரெண்ட்ஸ் வரிசையோடு மினி டால் வந்தபோது அமெரிக்காவில் 50,000க்கும் மேற்பட்டோர் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். பெண்பிள்ளைகளை லெகோ தனியே ஒதுக்குகிறது என்று கோபம். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. அழகு நிலையமும் காபிக் கடையும் மட்டும் பெண்களுக்குப் போதுமா என்று கேட்டார்கள். அது செட்டின் விஷயத்தைப் பற்றிய கேள்வி, பொம்மையின் உடம்பைப் பற்றியது இல்லை. இரண்டையும் போட்டுக் குழப்பி மினி டாலையே மட்டம் தட்டுவது அன்றிலிருந்து வழக்கமாகிவிட்டது.

நாலு வருஷம் பெண்பிள்ளைகள் எப்படி விளையாடுகிறார்கள் என்று பார்த்த பிறகுதான் அதை வடிவமைத்ததாக லெகோ சொன்னது. என் வீட்டில் நான் பார்ப்பதும் அதையே சொல்கிறது. 2014இல் வந்த ரபுன்சல் கோபுரம் (41054) வெறும் 299 பீஸ். பெரியவள் ஆடி முடித்து இப்போது சின்னவள் கையில் இருக்கிறது. ரபுன்சலைத் தூங்க வைக்கிறாள், திட்டுகிறாள், ஊட்டிவிடுகிறாள். மணிக்கட்டு திரும்பவில்லை என்று ஒரு நாளும் அழவில்லை. அவளுக்கு வேண்டியது முகம், முடி, உடை. மினி டாலின் முடியைக் கழற்றி மினிஃபிகர் தலையிலும் மாட்டலாம், அதனால் ரபுன்சலின் முடி எங்கள் வீட்டுத் தீயணைப்பு வீரருக்கும் உண்டு.

அண்ணா, உங்கள் மகளுக்கு எட்டு வயது. ஐந்து வயதுப் பிள்ளையிடம் அந்தக் குடிசையைக் கொடுத்துப் பாருங்கள். கூரை வருவதற்குள் எழுந்து போய்விடும்.

பழைய பெட்டி:

எழுபதுகளில் பிறந்த ஆள் நான். கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

இன்றைய மினிஃபிகர் 1978இல் வந்தது. பத்து வருஷத்துக்கு மேல் எல்லாருக்கும் ஒரே முகம்: இரண்டு புள்ளிக் கண், ஒரு சிரிப்பு. 1989இல் கடற்கொள்ளையர் வரிசை வந்த பிறகுதான் மீசையும் முறைப்பும் வந்தன. ஆண், பெண், நல்லவன், கெட்டவன் எல்லாம் அந்த ஒரே சிரிப்புக்குள் அடக்கம். யார் யார் என்று பிள்ளைதான் முடிவு செய்யும். தேன்மொழி அம்மா சொல்லும் சிவப்புக் கட்டை ராணிக்கு அது ரொம்பப் பக்கம்.

1994இல் பெல்வில் என்று ஒரு வரிசை, பெண்பிள்ளைகளுக்காக. பொம்மை பெரியது, கை கால் நன்றாக மடங்கும். ஆனால் மற்ற லெகோ வீட்டுக்குள் நுழைய முடியாது, கதவே அதற்குச் சிறியது. அந்த வரிசை நின்றுவிட்டது. மினி டால் அந்த வகையில் எவ்வளவோ மேல், மினிஃபிகர் உலகத்துக்குள்ளேயே நிற்கும்.

ஆனாலும் கை விஷயத்தில் நான் கல்லடுக்கி பக்கம். வீட்டில் இரண்டு வகையும் இருந்தால் இரண்டின் கையிலும் ஒரு துடைப்பம் கொடுங்கள். மினிஃபிகரின் மணிக்கட்டைக் கொஞ்சம் திருப்பினால் துடைப்பம் தரையைத் தொடும், பெருக்கும். இன்னும் திருப்பினால் தோளில் சாய்த்துக்கொண்டு நடக்கும், தலைக்கு மேல் ஓங்கினால் சண்டைக்குத் தயார். மினி டாலிடம் தோள் மட்டும்தான் அசையும். கை வைத்தது வைத்தபடி, துடைப்பம் எந்தக் கோணத்தில் மாட்டியதோ அதே கோணம். ஸ்னோ வொயிட் கதையில் பாதி வீட்டுவேலை. அவளுக்கு மணிக்கட்டு வேண்டும்.

தேன்மொழி:

பழைய பெட்டி ஐயா, ஒரே சிரிப்பு பற்றிச் சொன்னீர்களே, அது எனக்குச் சாதகமான சாட்சி! முகத்தில் எல்லாவற்றையும் அச்சடித்துத் தந்துவிட்டால் பிள்ளைக்கு என்ன வேலை? க்ரம்பி கோபக்காரன் என்று தொழிற்சாலையிலேயே முடிவாகிவிட்டது.

கல்லடுக்கி:

தேன்மொழி, முடிவாகிவிட்டது என்று நினைக்கிறோம், பிள்ளைகள் நினைப்பதில்லை. என் மகளின் ஆட்டத்தில் கிழவிக்கு ஆப்பிள் கிடையாது. சுரங்கத்தில் எட்டாவது ஆளாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். க்ரம்பி அவளுக்கு மேஸ்திரி. படத்தில் இப்படி ஒரு காட்சி உண்டா? நானும் சொல்லித்தரவில்லை.

கிரிம் கதையும் அப்படியே நின்ற கதை இல்லையே. 1812 முதல் பதிப்பில் அந்த ராணி பெற்ற தாய். 1819 பதிப்பில்தான் மாற்றாந்தாய் ஆக்கினார்கள். சொல்பவர் கைக்குக் கை கதை மாறும். பொம்மை கையில் இருந்தால் பிள்ளையும் சொல்பவர்தான். வெறும் கட்டையை வைத்தும் கதை பிறக்கும், மறுக்கவில்லை. ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் சிவப்புக் கட்டை ராணியாகத் தெரியாது. சிலருக்கு ஒரு முகம் வேண்டும், அதைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போவார்கள்.

ரம்யா, ஐந்து வயதுக்கு இது பெரிய வேலை என்பது சரி. அதனால்தான் கேட்கிறேன்: 300 பீஸில் சின்னதாக ஒரு குடிசை, ஸ்னோ வொயிட், ராணி, இரண்டு குள்ளர்கள், எல்லாம் மினிஃபிகராக. ஏன் வராது?

ரம்யா_சிங்கை:

மினிஃபிகர் இளவரசி குழந்தைக்குக் கிடைக்கவே இல்லை என்று சொல்வது சரியில்லை அண்ணா. 2016 டிஸ்னி வரிசைப் பைகளில் கடற்கன்னி இளவரசி ஏரியல் மினிஃபிகராக வந்தாள். மொத்தம் 18 பாத்திரங்கள், ஒரு பைக்கு ஒரு பொம்மை. ஐந்து வயதிலிருந்தே ஆடலாம் என்றுதான் போட்டிருந்தார்கள்.

கல்லடுக்கி:

அந்தப் பை ஒட்டியிருந்தது, உள்ளே யார் என்று வெளியே தெரியாது. ஏரியல் வேண்டும் என்ற குழந்தை மிக்கியோடு வீட்டுக்கு வந்தது. பெற்றோர் கடையில் நின்று பையை அமுக்கி அமுக்கிப் பார்த்தார்கள். பெரியவர்களுக்கோ பெட்டியின் மேலேயே பத்துப் பேரும் படத்தோடு இருக்கிறார்கள். என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கும் வசதி யாருக்கு இருக்கிறது, பாருங்கள்.

மாடிவீடு:

நடுவில் ஒரு விஷயம், இந்தியாவில் இருக்கிறவர்களுக்கு. இங்கே இந்த செட்டுகள் ஏன் இந்த விலை என்று கேட்பவர்கள் சுங்கவரியைப் பாருங்கள். பொம்மைகளுக்கு 2020 பட்ஜெட்டில் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆக்கினார்கள், 2023இல் 70 ஆனது. அதனால் இதே படம் ஒட்டிய போலிப் பெட்டி பாதிக்கும் குறைவான விலையில் கண்ணில் படும். 2021 ஜனவரியிலிருந்து பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். முத்திரை இல்லாததை வாங்காதீர்கள். நான் பார்த்த ஒன்றில் கட்டைகள் ஒன்றோடொன்று பிடிக்கவே இல்லை, குள்ளனின் முகத்து மை விரலில் ஒட்டியது. வாயில் வைக்கும் வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் அது விளையாட்டுச் சாமானே இல்லை.

பழைய பெட்டி:

மாடிவீடு சொன்னதை அப்படியே ஏற்கிறேன். 18+ பற்றியும் ஒன்று. அது ஆபத்து எச்சரிக்கை இல்லை. சின்ன பீஸ் தொண்டையில் சிக்கும் என்ற எச்சரிக்கை மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கானது, அது தனியாக இருக்கும். 18+ என்பது "இது பெரியவர்களுக்கான பொழுதுபோக்கு, வெட்கப்படாமல் வாங்குங்கள்" என்று சொல்வதற்காகப் போடுவது. அதில் எனக்குச் சந்தோஷமே. ஆனால் கடையில் ஒரு பாட்டி பேத்திக்காக அந்தப் பெட்டியை எடுத்து, எண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பாரே, அவருக்கு இது எப்படித் தெரியும்?

தேன்மொழி:

ஐயா, அந்தப் பாட்டிக்கு விலையைப் பார்த்தாலே போதும், திரும்ப வைத்துவிடுவார்.

கல்லடுக்கி அண்ணா கேட்கும் 300 பீஸ் குடிசை வந்தால் நான் எதிர்க்க மாட்டேன், வாங்கவும் மாட்டேன். என் நிலை அதேதான். ஆனால் கிழவியைச் சுரங்க வேலைக்கு அனுப்பிய பெண்ணிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். ஏழு பேருக்கே சாப்பாடு பற்றாத வீட்டில் எட்டாவது ஆளுக்குப் படுக்கை எங்கே போட்டாள்?

கல்லடுக்கி:

கேட்டேன். கண்ணாடிச் சவப்பெட்டியில் படுக்கிறாளாம். மூடியைக் கழற்றி கிணற்றுக்குக் கூரையாக வைத்திருக்கிறாள்.