தனியாக இருப்போர் பற்றி எழுத உங்கள் உதவி தேவை

வணக்கம் அக்காமார், அண்ணாமார். வாழ்க்கைமுறை, காதல் பற்றி எழுதும் பத்திரிகையாளர் நான், இருப்பது கொக்குவிலில். முப்பது வயது கடந்தும் கலியாணம் செய்யாமல் யாழ்ப்பாணத்தில் வாழ்பவர்களைப் பற்றி ஒரு தொடர் எழுதுகிறேன். கதைக்க ஆட்கள் தேவை.

டேட்டிங் செயலிகளில் இங்கே நிறையப் பேர் முகம் காட்டுவதில்லை. கசூரினா கடற்கரையில் முதுகு காட்டி நிற்கும் படம், இல்லையென்றால் ஒரு பூ. இரண்டு கிலோமீற்றருக்குள் இருப்பதாகச் செயலி காட்டுபவர் சொந்தக்காரராகவும் இருக்கலாம் என்ற பயம்தான் காரணம். அதே ஆளின் விபரம் கலியாணப் பேச்சுக்காலுக்காக வட்ஸ்அப்பில் உயரம், நட்சத்திரம், செவ்வாய் எல்லாவற்றோடும் ஊர் சுற்றும்! இந்த இரண்டுக்கும் நடுவில் வாழ்பவர்களின் குரல்தான் எனக்கு வேண்டும்.

ஒரு சட்டத்தரணியும் உதவினால் நல்லது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தேசவழமைக்கு (யாழ்ப்பாணத் தமிழரின் மரபுவழிச் சட்டம்) உட்பட்ட திருமணமான பெண் தன் காணியை விற்கக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். தனித்திருக்கும் பெண்ணுக்கு அந்தத் தடை இல்லை. சீதனமாக ஒதுக்கிய வீட்டில் தனியாக வாழும் பெண்களுக்கு இது நடைமுறையில் எப்படி அமைகிறது என்று விளங்கப்படுத்துவீர்களா?

பெயர், ஊர், வேலை எதுவும் வெளிவராது. எழுதியதை அச்சுக்கு முன் உங்களுக்கு வாசித்துக் காட்டுவேன், வேண்டாம் என்றால் எடுத்துவிடுவேன். ஆண்களும் கதையுங்கோ, அக்காமாரைக் கரைசேர்க்கக் காத்திருக்கும் தம்பிமாரின் கதையை யாரும் கேட்பதே இல்லை.

பின்னூட்டத்தில் வேண்டாம், உள்பெட்டியில் எழுதுங்கோ. சந்திக்க விருப்பமில்லையென்றால் குரல்பதிவு அனுப்பினாலும் சரி.